தோண்டாமலிருக்க ஓர் அனுமதி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலை வெட்டு மற்றும் சீரமைப்பு வாரியத்தில் ஒருவர்கூட லஞ்சம் வாங்குவதில்லை. வாங்கியிருந்தால் இந்தக் கதை அடுத்த பக்கத்திலேயே சுபமாக முடிந்திருக்கும். எல்லாரும் நேர்மையானவர்கள். நேரத்துக்கு வருவார்கள், மேசையைத் துடைத்து வைத்துக்கொள்வார்கள், வந்தவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார்கள். இப்படிப்பட்டவர்களிடம் மாட்டிக்கொண்டால் மீள்வது கஷ்டம்.

மாட்டிக்கொண்டவர் ஒரு தையல்காரர். முப்பத்தொரு வருடமாக ஒரே கடை, ஒரே இயந்திரம், கழுத்தில் ஒரே அளவுநாடா என்று சொல்லலாம், நாடாவை மட்டும் நாலைந்து முறை மாற்றியிருப்பார். அவருக்கு ஒரு கர்வம் உண்டு. தப்பான அளவை நோட்டில் எழுதியதே இல்லை. ஒரு வாடிக்கையாளர் தன் இடுப்பை இரண்டு அங்குலம் குறைத்து எழுதும்படி கெஞ்சியபோது, "நோட்டு நான் சொல்றதைக் கேக்கும், உங்க உடம்பு கேக்காதுங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்த வாடிக்கையாளர் அதன்பின் வரவில்லை.

அவர் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் பழைய மண் குழாய். கழிப்பறையில் தொடங்கி, முற்றத்துக்கு அடியில் போய், காம்பவுண்டைத் தாண்டி, பாதித் தெருவுக்குக் கீழே ஓடி, நடுத்தெரு மேன்ஹோலில் சேரும். தெருவோர மரம் ஒன்று தன் வேரை அதற்குள் விட்டுப் பல வருடம் சுகமாகக் குடித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை குழாய் நடுவில் நொறுங்கியது. போக வேண்டியதெல்லாம் திரும்பி வந்து கழிப்பறை, நடை, சமையலறை வாசல்வரை நின்றது. கோணியைப் போட்டு அதைத் தடுக்கப் போன அவர் மனைவி வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

அறுவைச் சிகிச்சை நன்றாகவே நடந்தது. மருத்துவர் தையல்காரரைத் தனியே கூப்பிட்டு விளக்கினார்.

"எலும்பு கூடிடும். அதுல பயமில்ல. ஆனா இந்த வார்டுல ரொம்ப நாள் வச்சிருக்கக் கூடாது. இங்க இருக்கிற கிருமிங்க எங்க மருந்தெல்லாம் பாத்துப் பழகினதுங்க. பத்தாம் நாள் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"சரிங்க டாக்டர்."

"ஆனா உங்க வீட்டுல சாக்கடைத் தண்ணி நிக்குதுன்னு சொல்றீங்க. ஆறாத தையலோட அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். முதல்ல குழாயைச் சரி பண்ணுங்க."

மனைவியின் தங்கை வீடு மூன்றாம் மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. ஆகவே குழாய்தான் ஒரே வழி என்று ஆயிற்று.

குழாய்க்காரர் வந்து பார்த்தார். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். மேன்ஹோலைத் திறந்து விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி சிரித்தார்.

"அண்ணே, தெருவைத் தொடவே வேணாம். உங்க முற்றத்துல ஒரு குழி எடுப்பேன். அந்தப் பக்கம் மேன்ஹோல் இருக்கு. பழைய குழாய்க்குள்ளயே இரும்புக் கயிறு விட்டு, முனையில ஒரு கூம்பைக் கட்டி, மேன்ஹோல்லேர்ந்து இழுப்போம். கூம்பு பழைய குழாயை உடைச்சு ஒதுக்கிக்கிட்டே போகும். அது வாலைப் புடிச்சுக்கிட்டே புதுக் குழாய் உள்ள வந்துடும். காலைல ஆரம்பிச்சா சாயங்காலம் தண்ணி ஊத்திப் பாத்துடலாம்."

"தெருவுல பள்ளமே வேணாமா?"

"ஒரு கீறல் விழாது. வாரியத்துல ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. மேன்ஹோல் அவங்களுது."

ஒரு கையெழுத்துதானே என்று தையல்காரர் கடையைப் பாதி நாள் மட்டும் சாத்திவிட்டுக் கிளம்பினார்.

வாரியத்தின் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மண்வெட்டி, பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. மேலே 'முறையாகத் தோண்டுவோம், முறையாக மூடுவோம்' என்று பெரிய எழுத்து. கூடத்துச் சுவரில் அந்தந்த ஆண்டின் சிறந்த பள்ளங்களுக்குச் சட்டம் போட்ட புகைப்படங்கள் தொங்கின. ஒன்றில் பள்ளத்துக்குள் அதிகாரிகள் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரருக்கு அந்த இடம் பிடித்திருந்தது, ஒழுங்காக வேலை நடக்கும் இடம் என்று தோன்றியது.

படிவ எழுத்தர் ஐம்பது வயதுப் பெண்மணி, அன்பானவர். படிவம் பதினொன்றை வாங்கி விரலால் ஒவ்வொரு பத்தியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஏழில் விரல் நின்றது.

"அண்ணே, நீளம், அகலம், ஆழம் மூணுலயும் பூஜ்யம் போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா. தெருவுல தோண்டப் போறதில்ல."

"தோண்டாததுக்கு எதுக்குண்ணே விண்ணப்பம்?"

"விண்ணப்பம் போடாம வேலை செஞ்சா குத்தம்னு குழாய்க்காரர் சொன்னாரும்மா."

"சரியாத்தான் சொல்லியிருக்காரு. குத்தம்தான்."

"அதான் போட்டுட்டேன்."

"போட்டீங்க. ஆனா பூஜ்யம் ஒரு அளவு இல்லையேண்ணே."

தையல்காரர் இதைத் தொழில்முறையில் யோசித்துப் பார்த்தார். "கையில்லாத சட்டைக்குக் கை நீளம் பூஜ்யம்னுதானேம்மா நான் எழுதுவேன்?"

"அது உங்க நோட்டு. இது எங்க படிவம்."

"அப்ப காலியா விட்டுடட்டுமா?"

"காலியா விட்டா முழுமையடையாத விண்ணப்பம். திருப்பி அனுப்பிடுவாங்க."

"ஒரு கோடு போட்டுட்டா?"

"கோடு போட்டா அடிச்ச மாதிரி. அடிச்ச படிவம் செல்லாது." அந்தம்மா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏண்ணே கஷ்டப்படறீங்க? ஏதாவது ஒண்ணு எழுதிக் குடுங்க. எல்லாரும் பத்து, ரெண்டு, மூணுன்னு எழுதுவாங்க. ராசியான அளவு. இதுவரைக்கும் தள்ளுபடியே ஆனதில்ல."

முப்பத்தொரு வருடம் ஒரு நிமிடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு பத்தடி நீளம், இரண்டடி அகலம், மூன்றடி ஆழம் என்று எழுதினார். பதினொன்றாவது பத்தி 'பயனாளிகள் எண்ணிக்கை'. அதில் ஒன்று என்று எழுதினார்.

"வீட்டுல ரெண்டு பேர்தானேண்ணே?"

"நான் கடைக்குப் பின்னாடி இருக்கற டாய்லெட்லயே பாத்துக்குவேன்மா. இது அவளுக்காகத்தான்."

எழுத்தர் கையெழுத்து அழகாக இருப்பதாகப் பாராட்டி முத்திரை குத்தினார்.

அன்று மாலை மருத்துவமனையில் மனைவி அவர் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்.

"என்னங்க, யாரு துணியையாவது பாழாக்கிட்டீங்களா?"

"இல்ல. பொய் அளவு எழுதிட்டேன்."

விஷயத்தைக் கேட்டு அந்த அம்மாள் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்கம்மா முன்னாடியே என் இடுப்பளவைச் சத்தமாச் சொன்ன மனுஷன் நீங்க. உங்களையே பொய் எழுத வச்சுட்டாங்களா? பெரிய ஆளுங்கதான்."

சிரிப்பு அடங்கியதும் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "இங்க மணி அடிச்சா அரை மணி நேரம் கழிச்சு பெட்பேனோட வராங்க. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போகுது. அப்புறம் எல்லாரும் பாக்க, புரட்டிப் போட்டுத் துடைக்கறாங்க. அவங்களைக் குறை சொல்லல, பாவம், முப்பது பேருக்கு ஒரு ஆளு. ஆனா எனக்கு என் வீட்டு டாய்லெட்ல கதவைச் சாத்திக்கிட்டு அஞ்சு நிமிஷம் உக்காரணும்ங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"பத்தாம் நாள் வீட்டுல இருப்பே."

"அந்தத் தாழ்ப்பாள் லூசா இருக்கு. அதையும் சரி பண்ணி வையுங்க."

விண்ணப்பம் கொடுத்த மூன்றாம் நாள் பள்ள ஆய்வாளர் தெருவுக்கு வந்தார். ஒல்லியான, கடமை தவறாத மனிதர். கூட இரண்டு ஆட்கள், நான்கு சிவப்புக் கொடி, ஆறு ஆரஞ்சுக் கூம்பு, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற பலகை. பத்துக்கு இரண்டு என்று அளந்து நான்கு மூலையிலும் கொடி நட்டு, கூம்புகளைச் சுற்றி வைத்து, பலகையை நிறுத்தினார்கள். எல்லாம் முறைப்படி முடிந்தபின் ஆய்வாளர் ஆழத்தை அளக்கக் குனிந்தார். நாடா தாரில் முட்டியது.

"பள்ளம் எங்க?"

"பள்ளம் இல்லைங்க. தோண்டாமலே செய்யற வேலைங்க."

"மூணடி ஆழம்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமாங்க. ஆனா அது பொய்யிங்க."

"அப்படில்லாம் சொல்லாதீங்க. வாரியத்துல பதிவான பள்ளம் பொய்யாகாது." அவர் அண்டை வீட்டுக் கதவுகளைத் தட்டி, யாராவது பள்ளத்தைப் பார்த்தீர்களா என்று விசாரித்தார். யாரும் பார்க்கவில்லை. 'பள்ளம் காணப்படவில்லை, அப்புறப்படுத்தப்பட்டிருக்கலாம்' என்று எழுதிக்கொண்டு, கூம்புகளுக்குக் காவலாக ஓர் ஆளை நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுப் போனார்.

ஊர் மக்களுக்குப் பழக்கம் சீக்கிரம் வந்துவிடுகிறது. இரண்டே நாளில் எல்லா வண்டியும் அந்த இடத்தைச் சுற்றி வளைந்து போயிற்று. நடப்பவர்கள் எட்டிக்கூடப் பார்க்காமல் ஒதுங்கினார்கள். அதற்கு மறுநாள் ஒரு முதியவர் கொடிக் கம்பு தடுக்கி, நல்ல தார் ரோட்டில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். வாரியத்தின் பதிவேட்டில் அது 'பள்ளத்தில் விழுந்தோர்: ஒருவர்' என்று ஏறியது. அதற்குப் பின் பள்ளம் இல்லை என்று வாதாட யாராலும் முடியவில்லை. விழுந்த ஆளே இருக்கிறாரே.

தையல்காரருக்கு நோட்டீஸ் வந்தது. தங்கள் பொறுப்பில் இருந்த, ஒருவரைக் காயப்படுத்திய பள்ளம் ஒன்று காணாமற்போனது குறித்து நேரில் விளக்கமளிக்கவும் என்றிருந்தது. விசாரணை நாள் பத்தாம் நாளாக அமைந்தது. மருத்துவர் முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு வாரம் கெடு கொடுத்தார்.

"சொல்லாம கொள்ளாம ஒரு ஞாயித்துக்கிழமை இழுத்து முடிச்சிடலாம்ணே" என்றார் குழாய்க்காரர். தையல்காரர் சரியென்று சொல்லியும் விட்டார். ஆனால் காவலாள் ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்தார். அவருக்கு அன்று இரட்டைச் சம்பளமாம்.

விசாரணைக்குத் தலைமைப் பொறியாளரே வந்திருந்தார். வெள்ளைத் தலை, கனிவான குரல். தையல்காரர் சொன்னதை நடுவில் குறுக்கிடாமல் முழுக்கக் கேட்டார். மனைவி, இடுப்பெலும்பு, வார்டு, கிருமி எல்லாவற்றையும் கேட்டுத் தலையசைத்தார். பிறகு பேசினார்.

"ஐயா, உங்க மேல எனக்குக் கோபமே இல்ல. நீங்க சொல்ற முறை ரொம்ப நல்ல முறை. நானே வெளிநாடு போய் மூணு வாரம் தங்கிப் பாத்துட்டு வந்தவன். அங்க ஊர் முழுக்க நடந்தேன், ஒரு பள்ளம் கண்ணுல படல. உண்மையைச் சொல்றேன், எனக்கு மனசே சரியில்ல. இந்த வாரியத்துல அறுநூறு பேர் இருக்கோம். முந்நூறு பேர் தோண்டறதை மேற்பார்வை பாக்கறாங்க, முந்நூறு பேர் மூடறதை மேற்பார்வை பாக்கறாங்க. தோண்டறவங்க எங்க ஆளுங்க இல்ல, அது வெளியாளுங்க. மக்கள் எங்களை எப்ப நெனைக்கறாங்க? பள்ளத்துல கால் வச்சாத்தான் நெனைக்கறாங்க. நாளைக்கு எல்லாரும் உங்கள மாதிரி அடியில அடியிலயே வேலையை முடிச்சுக்கிட்டா, வாரியம்னு ஒண்ணு இருக்கறதே யாருக்குத் தெரியும்? வேலை நடக்கணும்கறது முக்கியம்தான். ஆனா வேலை நடந்துடுச்சுன்னா அப்புறம் நாங்க எதுக்கு?"

கடைசி வாக்கியத்தை அவர் கேள்வியாகச் சொல்லவில்லை. சுற்றியிருந்தவர்கள் தலை குனிந்தார்கள், ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தையல்காரர் எழுந்து கையைக் கூப்பினார். "ஐயா, அப்ப தோண்டிடறேங்க. பத்து, ரெண்டு, மூணு. நானே தோண்டறேன். நீங்க அளந்துக்கிட்டு மூடிடுங்க. எனக்குப் பள்ளத்து மேல ஒரு விரோதமும் இல்லைங்க."

பொறியாளர் கோப்பில் ஒரு பக்கம் புரட்டினார். "அந்தத் தெருவுக்குப் புதுத் தார் போட்டு நாலு மாசம்தான் ஆகுது. ரெண்டு வருஷத்துக்கு அங்க மண்வெட்டி படக் கூடாது. தோண்டினா குத்தம்."

"தோண்டவும் கூடாது, தோண்டாம செய்யவும் கூடாதுன்னா நான் என்னங்க பண்றது?"

"தோண்டாம செய்யக் கூடாதுன்னு யார் சொன்னா? தாராளமாச் செய்யுங்க. பள்ளத்தைக் காட்டிட்டுச் செய்யுங்க."

படிவ எழுத்தர் எழுந்து ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். பொறியாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வாரியம் இரக்கமற்றது என்று சொல்பவர்கள் விதி நாற்பத்திரண்டைப் படித்ததில்லை. அதன் பெயர் ஈட்டுப் பள்ளம். குறித்த இடத்தில் பள்ளம் எடுக்க இயலாத மனுதாரர், தானோ தன் குடும்பத்தாரோ தங்கள் சொந்தத் தேவைக்காக, வாரிய எல்லைக்குள் வேறெந்தப் பொது நிலத்திலாவது எடுத்த பள்ளத்தைக் காட்டலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் இருந்தால் போதும்.

"அப்படி ஒரு பள்ளம் எனக்கு எங்கங்க இருக்கு?"

"தேடுங்க" என்றார் பொறியாளர் பரிவோடு. "இதுவரைக்கும் தேடினவங்களுக்குக் கெடைச்சிருக்கு."

தையல்காரர் தேடினார். குழாய்க்காரர் அவசரமாக முற்றத்தில் நாலடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழத்தில் குழி எடுத்தார். எப்படியும் வேலைக்கு வேண்டிய குழிதான். ஆய்வாளர் வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வந்து பாருங்க சார்."

"காம்பவுண்டுக்குள்ள வாரியத்துக்குக் கண்ணு கிடையாது. பொது நிலம்னாத்தான் எனக்குப் பள்ளம் தெரியும்" என்று சொல்லிக் குழிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, டீ மட்டும் வாங்கிக் குடித்தார்.

பூங்காவில் ஒரு மரக்கன்று நடலாமே, அதற்கொரு குழி எடுப்பார்களே என்று தையல்காரருக்கு யோசனை வந்தது. பூங்கா அலுவலகத்தில் சந்தோஷப்பட்டார்கள். கன்றைக்கூட அவர்களே தருவதாகச் சொன்னார்கள். குழி எடுக்க மட்டும் வாரியத்தில் படிவம் பதினொன்று வாங்கிவரச் சொன்னார்கள்.

பதினேழாம் நாள் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. தையல் போட்ட இடம் சிவந்து வீங்கியது. மருத்துவர் ஊசியை மாற்றினார், மறுபடி மாற்றினார். மூன்றாவது முறை மாற்றும்போது தையல்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னங்க ஆச்சு, குழாய்?" என்று கேட்டார் மனைவி. உதடு காய்ந்திருந்தது.

"முடிஞ்ச மாதிரிதான். ஒரே ஒரு அளவு மட்டும் பாக்கி."

"பொய் சொல்றப்ப உங்க காது சிவக்குது." அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். கை கொதித்தது. "தாழ்ப்பாள்?"

"போட்டாச்சு. புதுசு."

காது மறுபடி சிவந்திருக்க வேண்டும், அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். தையல்காரர் அங்கிருந்து நேரே இரும்புக் கடைக்குப் போய் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கி, அழுக்குத் தண்ணீருக்கு நடுவே நின்றுகொண்டு அதைக் கதவில் முடுக்கினார். நான்கு திருகும் இறுகியபின் மூன்று முறை போட்டுத் திறந்து பார்த்தார்.

இருபத்தோராம் நாள் காலை அந்த அம்மாள் இறந்துபோனார். வாரியத்தைப் பழிக்க எனக்கு எண்ணமில்லை என்று இந்த இடத்தில் எழுத நினைத்திருந்தேன். எழுத வரவில்லை. அறுநூறு பேரில் ஒருவராவது அன்றைக்குச் சாப்பிடாமல் இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

இடுகாட்டில் குழி வெட்டுபவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து கேட்டார்.

"நீளம் எவ்வளவு வரும்ணே?"

"அஞ்சடி ரெண்டங்குலம்" என்றார் தையல்காரர். நாடாவைத் தொடவில்லை. "தோள் பதினாலரை அங்குலம். இப்ப மெலிஞ்சுட்டா, பதினாலு வச்சுக்கலாம்."

"கொஞ்சம் தளர்வு விடணும்ணே."

"விடணும். பிடிச்சுக்கிட்டு இருந்தா அவளுக்குப் பிடிக்காது."

இரண்டு தொழிலாளிகளும் பேசி ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், ஐந்தடி ஆழம் என்று முடிவு செய்தார்கள். மண்வெட்டி இறங்கியது. தையல்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுக்குப் படிவம் ஏதும் குடுக்கணுமா தம்பி?"

"டாக்டர் சீட்டு இருக்குல்ல? அது போதும்ணே. வெட்டிட்டு அப்புறம் நோட்டுல எழுதிக்குவோம்."

இரண்டு மணி நேரத்தில் குழி தயாராகிவிட்டது.

உறவினர்கள் உடலைக் கொண்டுவந்து இறக்கிய நேரத்தில் வாசலில் ஜீப் நின்றது. வீட்டு வாசல் கூம்புகளுக்குக் காவலிருந்த ஆள், துக்கச் செய்தியைக் கடமை உணர்வோடு வாரியத்துக்குத் தெரிவித்திருந்தார். பள்ள ஆய்வாளர் இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றி, தையல்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்குவீங்களா? உள்ள வச்சுட்டா அப்புறம் ஆழம் அளக்க முடியாது."

ஆட்கள் நான்கு மூலையிலும் கொடி நட்டார்கள். கூம்புகளைச் சுற்றி வைத்தார்கள். உறவினர்களில் பலர் இதைப் பெரிய மரியாதை என்று நினைத்து விலகி நின்று வழிவிட்டார்கள். மனைவியின் தங்கை மட்டும் "யாரு மாமா இவங்க?" என்று கேட்டார். ஆய்வாளர் நாடாவை நீளவாக்கில் விட்டார், அகலவாக்கில் விட்டார், பிறகு மண்டியிட்டு ஆழத்தில் விட்டார். இந்த முறை நாடா முட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆறு, ரெண்டரை, அஞ்சு. ஒரு அங்குலம் தப்பில்ல. ஓரம் எங்கயும் சரியல. இருபத்திரண்டு வருஷமாப் பள்ளம் பாக்கறேன், இப்படி ஒரு சுத்தமான பள்ளத்தைப் பாத்ததில்ல." அவர் அட்டையை நீட்டினார். "மனுதாரர் கையெழுத்து. இங்க."

தையல்காரர் அந்த மூன்று எண்களையும் பார்த்தார். மூன்றும் சரியாக இருந்தன. கையெழுத்துப் போட்டார்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் அனுமதி வந்தது. கடை முகவரிக்கு ஆள் அனுப்பிக் கொடுத்தார்கள். காட்டப்பட்ட ஈட்டுப் பள்ளத்தின் அடிப்படையில், தெருவைத் தோண்டாமல் பணி செய்ய அனுமதிக்கப்படுகிறது. நிபந்தனைகள் இரண்டு. மேற்படி பள்ளம் முறையாக மூடப்பட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு அதை மீண்டும் திறக்கக் கூடாது.

குழாய்க்காரர் மறுநாள் காலையில் இயந்திரத்தோடு வந்துவிட்டார். இரும்புக் கயிறு பழைய குழாய்க்குள் போயிற்று, கூம்பு முற்றத்துக் குழியில் இறங்கியது, மேன்ஹோல் பக்கமிருந்து இயந்திரம் இழுத்தது. மண்ணுக்கடியில் பழைய குழாய் உடையும் சத்தம் மெல்லக் கேட்டது. கறுப்புப் புதுக் குழாய் கூம்பின் பின்னாலேயே நகர்ந்து போயிற்று. பதினொரு மணி வாக்கில் தலைமைப் பொறியாளரும் மற்ற அதிகாரிகளும் வந்தார்கள். தெருவில் ஒரு கீறல் இல்லாததைப் பார்த்து வியந்தார்கள். புகைப்படக்காரரை எங்கே நிறுத்துவது என்று சிறிது நேரம் குழம்பினார்கள், பின்னணியில் பள்ளம் இல்லையல்லவா. கடைசியில் வெறும் ரோட்டில் வரிசையாக நின்றார்கள். தையல்காரரைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்கள்.

"வாரியத்தோட சரித்திரத்துல முதல் தடவை" என்றார் பொறியாளர், தோளில் கைபோட்டபடி. "ஒரே ஒரு பள்ளத்தோட ஒரு வேலையை முடிச்சிருக்கோம்."

நான்கு மணிக்குக் குழாய்க்காரர் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார். ஒரு சத்தம், தண்ணீர் போய்விட்டது. மறுபடி ஊற்றினார், மறுபடி போயிற்று. "இனிமே நம்ம காலத்துக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே" என்று சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்து வருந்திப் பொருட்களை எடுத்துக்கொண்டு போனார். இரவுக்குள் வீடு கழுவிக் காய்ந்திருந்தது. தையல்காரர் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, பித்தளைத் தாழ்ப்பாளைப் போட்டார். மூடியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். யாரும் மணி அடிக்கவில்லை, யாரும் வரவில்லை. ஐந்து நிமிடம் ஆனதும் எழுந்து வெளியே வந்தார்.

பணி நிறைவுப் படிவத்தைக் கொடுக்க மறுநாள் வாரியத்துக்குப் போனார். படிவ எழுத்தர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, ஆறுதல் சொன்னார். உண்மையாகவே அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பிறகு படிவத்தை எடுத்து, விரலால் ஒவ்வொரு பத்தியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கடைசிப் பத்தி, 'பயனாளிகள் எண்ணிக்கை'. அங்கே விரல் நின்றது.

தையல்காரர் அவசரமாக எழுந்தார். "பூஜ்யம்தான்மா போட்டிருக்கேன். எனக்கு வேற அளவு தெரியல. தப்புன்னா சொல்லுங்க, மாத்தி எழுதிடறேன்."

"உக்காருங்கண்ணே" என்றார் எழுத்தர். முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, படிவத்தின்மேல் அழுத்திக் குத்தினார். "இந்தப் பத்தியில பூஜ்யம் செல்லும்."